ஓடியது காலா? கிருபையா?

அமெரிக்காவின் வடகிழக்குக் கோடியில் ரோட் ஐலண்டு என்று ஒரு மாகாணம் உண்டு. அந்நாட்டு மாகாணங்களில் பரப்பில் மிகச் சிறியது அதுதான். அதன் தலைநகரத்துக்குப் பிராவிடன்ஸ் என்று பெயர். அந்தச் சொல்லுக்குத் தெய்வ கிருபை என்று பொருள். மதவிஷயத்தில் சர்க்கார் தலையிடக்கூடாது என்று சொன்னதற்காகப் பக்கத்து மாகாணத்திலிருந்து விரட்டப்பட்ட ரோஜர் வில்லியம்ஸ் என்பவர் 1636-ம் வருஷத்தில் இந்த ஊரை உண்டாக்கி, தனக்கு நிற்க இடம் கிடைத்தது கடவுளின் கிருபை என்று கருதி இப்பெயரை வைத்தார். விரட்டியவர்களும் அதே கடவுளின் பேரால்தான் விரட்டினார்கள் என்பது வேறு விஷயம்.

இந்தப் பட்டணத்திலே பிராவிடன்ஸ் காலேஜ் என்று ஒன்று இருக்கிறது. 1917-ல் டொமினிக்கன் பாதிரிமார்கள் ஆரம்பித்தது. ஆகவே ஊர்ப் பெயரிலும் கிருபை, காலேஜ் பெயரிலும் கிருபை, ஆரம்பித்தவர்கள் கையிலும் கிருபை! இக்காலேஜின் பெண்கள் கோஷ்டி 1995-லும் 2013-லும் அந்நாட்டுக் காலேஜுகளுக்கெல்லாம் பொதுவான கிராஸ் கண்ட்ரி என்னும் காடுமேட்டு ஓட்டத்தில் முதலிடம் பெற்றது. ஓடியது காலா? கிருபையா? இதுவே இன்று நாம் கேட்கும் கேள்வி.

ஓட்டப் பந்தயத்துக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சில தோழர்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஒருவனுடைய வெற்றிக்கும் தோல்விக்கும் காரணம் பிறவியென்றும், தலையெழுத்தென்றும், இரத்தமென்றும் சொல்லும் பேச்சு எங்கெங்கே நடமாடுகிறதோ அங்கெல்லாம் நாமும் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டியதுதான்.

பந்தயமும் அதன் கணக்கும்

முதலில் இப்பந்தயம் இன்னதென்று தெரிந்துகொள்ள வேண்டும். மைதானத்தில் கோடு போட்ட வட்டத்தைச் சுற்றி ஓடுவதல்ல இது. புல்லும் சேறும் மேடும் பள்ளமுமான தரையில் மைல் கணக்காக ஓடவேண்டும். அமெரிக்காவில் என்.சி.ஏ.ஏ. என்ற காலேஜ் விளையாட்டுச் சங்கம் 1938-ல் இதை ஆண்களுக்குத் தேசப் போட்டியாக ஆரம்பித்தது.

ஒரு கோஷ்டிக்கு ஏழு பேர் ஓடுவார்கள். அதில் முதல் ஐந்து பேர் வந்த இடங்களைக் கூட்டுவார்கள். கூட்டுத்தொகை எந்தக் கோஷ்டிக்குக் குறைவோ அதற்கே வெற்றி. ஒரு கோஷ்டியில் நான்கு பேர் 1, 2, 3, 4 என்று வந்து, ஐந்தாவது ஆள் 150-வதாக வந்தால் கூட்டுத்தொகை 160. இன்னொரு கோஷ்டியில் பேர் தெரியாத ஐந்து பேர் 20, 25, 30, 32, 35 என்று வந்தால் கூட்டுத்தொகை 142. ஜெயித்தது யார்? முதல் நான்கு இடங்களையும் அள்ளிக்கொண்ட கோஷ்டி தோற்றது; முதல் பத்தொன்பது இடத்துக்குள் ஒருவர்கூட வராத கோஷ்டி ஜெயித்தது!

இந்தக் கணக்கை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பல்லக்குத் தூக்குகிறவர்களில் ஒருவனுடைய கால் தளர்ந்தால் மற்ற மூவர் பலசாலிகளாயிருந்து என்ன பிரயோஜனம்? இப்பந்தயத்தில் உச்சியில் இருப்பவன் கோஷ்டியைக் காப்பாற்ற முடியாது. ஐந்தாவது ஆள்தான் காப்பாற்றவும் முடியும், கெடுக்கவும் முடியும்.

பிராவிடன்ஸ் காலேஜின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1995-ல் அதன் கோஷ்டி ஜெயித்தது. ஆனால் அன்று முதலாவதாக வந்த பெண் விஸ்கான்ஸின் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர். 2013-ல் மறுபடியும் ஜெயித்தது. அன்று முதலாவதாக வந்தவர் டார்ட்மத் காலேஜைச் சேர்ந்தவர். நடுவில் 2004-ல் இக்காலேஜின் கிம் ஸ்மித் என்னும் நியூஸிலாந்துப் பெண் தேசத்திலேயே முதலாவதாக ஓடிவந்தார். ஆனால் கோஷ்டி வெற்றி கொலராடோ சர்வகலாசாலைக்குப் போயிற்று. முதல் ஆள் இருந்த வருஷம் வெற்றி இல்லை. வெற்றி வந்த வருஷங்களில் முதல் ஆள் இல்லை. அவதார புருஷர்களை எதிர்பார்த்துக்கொண்டிருக்கும் ஜனங்கள் இதை ஒருமுறைக்கு இருமுறை படிக்கவேண்டும்.

இரத்தம் என்னும் பேச்சு

நிற்க. நீண்ட தூரம் ஓடுவது சில ஜாதி மனிதர்களுக்கு இரத்தத்திலேயே வந்தது என்று சொல்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். இன்று அவர்கள் கென்யாவையும் எதியோப்பியாவையும் காட்டுகிறார்கள். எந்த நாட்டைக் காட்டுவார்கள் என்பது காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது என்பதுதான் வேடிக்கை.

1912-லிருந்து 1936 வரை நீண்ட ஓட்டத்தில் ஆட்சி செய்தது பின்லாந்து. பாவோ நூர்மி என்பவர் 1920, 1924, 1928 ஆகிய மூன்று ஒலிம்பிக் பந்தயங்களில் மட்டும் 9 தங்கப் பதக்கம் வாங்கினார். 1936-ல் பெர்லினில் நடந்த 10,000 மீட்டர் ஓட்டத்தில் முதல் மூன்று இடமும் பின்லாந்துக்காரர்களுக்கே போயிற்று. அன்று அதையும் குளிர்நாட்டு இரத்தத்தின் மகிமை என்று சொன்னவர்கள் உண்டு. 1952-ல் செக்கோஸ்லோவாக்கியாவின் எமில் ஸாடபெக், அந்தப் பின்லாந்தின் தலைநகரத்திலேயே ஒரே ஒலிம்பிக்கில் மூன்று நீண்ட ஓட்டங்களையும் ஜெயித்தார். 1960-ல் எதியோப்பியாவின் அபெபே பிகிலா ரோமாபுரியில் வெறுங்காலோடு மாரத்தான் ஓடி ஜெயித்தார். அப்படியானால் அந்த இரத்தம் பின்லாந்தை விட்டு எந்த வருஷத்தில் கப்பலேறிற்று? எந்தத் துறைமுகத்தில் இறங்கிற்று?

கென்யாவில் ஓட்டக்காரர்கள் பயிற்சி செய்யும் இட்டன் என்ற ஊர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மூச்சில் கிடைக்கும் பிராணவாயு குறைவு. ஆகவே உடல் அதிகச் சிவப்பணுக்களை உண்டாக்கிக்கொள்கிறது. அதோடு கிப் கெய்னோ என்ற கென்யர் 1968-ல் தங்கப் பதக்கம் வாங்கியதைக் கண்ட சிறுவர்களுக்கு, நம்மைப்போன்ற ஒருவன் வாங்கினான், நாமும் வாங்கலாம் என்ற தைரியம் வந்தது. உயரம், பழக்கம், எடுத்துக்காட்டு, பிழைப்புக்கு வழி என்ற இத்தனையும் கண்முன் இருக்க, கண்ணுக்குத் தெரியாத மகிமையைத் தேடுவானேன்?

உடலுக்கு உடல் வித்தியாசமே இல்லையென்று நாம் சொல்லவில்லை. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளிலேயே ஒருவன் ஓடுவான், ஒருவன் ஓடமாட்டான். அது ஆளுக்கு ஆள் உள்ள வித்தியாசம். அதைக் கூட்டத்துக்குக் கூட்டம் பிறவியில் வகுத்த வித்தியாசமாக்கி, இன்னார்தான் ஓடலாம், இன்னார்தான் படிக்கலாம் என்று சட்டம் எழுதுவதுதான் புரட்டு.

பட்டணத்தான் ஓடமாட்டானா?

இன்னொரு சாக்கு, பட்டணத்துக் காலேஜுக்குக் காடும் மேடும் ஏது என்பது. நியூயார்க்கைவிடப் பெரிய பட்டணம் அமெரிக்காவில் இல்லை. அந்தப் பட்டணத்துக்குள்ளேயே வான் கோர்ட்லண்ட் பூங்கா என்று 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட நிலம் இருக்கிறது. பட்டணத்து ரயிலின் கடைசி ஸ்டேஷனில் இறங்கினால் எதிரே பூங்கா. நூறு வருஷத்துக்கு மேலாகப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் காலேஜ் பிள்ளைகளும் அங்கே காடுமேட்டு ஓட்டம் ஓடுகிறார்கள். 1969-ல் தேசக் காலேஜ் போட்டியே அங்கேதான் நடந்தது. டிக்கெட்டுக்குச் சில்லறையும் ஒரு ஜோடி ஜோடும் இருந்தால் போதும்.

பட்டணத்தில் கஷ்டமே இல்லையென்று சொல்ல வரவில்லை. சிமிண்டுத் தரை எலும்பைத் தாக்கும்; மோட்டார் வண்டிகள் நிற்க விடா; பனிக்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடும். ஆகவே புல்தரை எங்கே இருக்கிறதென்று தேடிப்பிடித்து, அங்கே பிள்ளைகளை வாரத்தில் சில நாளாவது வண்டியில் கொண்டுபோய் விட்டு, ஓடும் நேரத்துக்குத் தக்கபடி பாட நேரத்தை அமைத்துக் கொடுப்பது நிர்வாகத்தின் வேலை. இதற்கு வேண்டியது பணத்தைவிட யோசனைதான்.

பெண் ஓடக்கூடாதென்ற கதை

எல்லாவற்றிலும் பெரிய புரட்டு பெண்கள் விஷயத்தில் நடந்தது. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முதலாக 800 மீட்டர் ஓட்டம் வைத்தார்கள். ஜெர்மனியின் லீனா ராட்கே ஜெயித்தார். ஓட்டம் முடிந்ததும் சில பெண்கள் களைத்துத் தரையில் உட்கார்ந்தார்கள். ஆண்கள் ஓடி முடித்தால் தரையில் விழுந்து மூச்சு வாங்குவதில்லையா? அதை வீரம் என்று எழுதிய பத்திரிகைகள் இதை விபரீதம் என்று எழுதின. பெண் உடம்பு தாங்காது என்று சொல்லி அந்த ஓட்டத்தையே எடுத்துவிட்டார்கள். அது மறுபடி வந்தது 1960-ல். 32 வருஷம் கழித்து! பெண்களுக்கு ஒலிம்பிக் மாரத்தான் வந்தது 1984-ல்தான். முதல் தடவையே ஜோன் பெனாய்ட் என்ற அமெரிக்கப் பெண் 26 மைலுக்கு மேற்பட்ட தூரத்தை 2 மணி 24 நிமிஷம் 52 விநாடியில் ஓடி முடித்தார். தாங்காது என்ற உடம்பு எப்படித் தாங்கிற்று?

அமெரிக்கக் காலேஜுகளில் இந்தக் கதவைத் திறந்தது யாருடைய மனமாற்றமுமல்ல, சட்டம். சர்க்கார் பணம் வாங்கும் கல்வி ஸ்தாபனங்களில் ஆண் பெண் என்ற பேதம் காட்டக்கூடாதென்று 1972-ல் சட்டம் வந்தது. 1938-லிருந்து ஆண்களுக்குப் போட்டி நடத்திவந்த என்.சி.ஏ.ஏ., பெண்களுக்கு அப்போட்டியை வைத்தது 1981-ல்தான். இதிலும் பாக்கி தீர்ந்துவிடவில்லை. 2024-ம் வருஷத்துத் தேசப் போட்டியில்கூட ஆண்கள் ஓடியது 10 கிலோமீட்டர். பெண்கள் ஓடியது 6 கிலோமீட்டர். உலகக் காடுமேட்டுப் போட்டியில் 2017 முதலே இரு பாலாருக்கும் 10 கிலோமீட்டர் என்று சமமாக்கிவிட்டார்கள். உலகத்துப் பெண் ஓடும் தூரத்தைக் காலேஜுப் பெண்ணுக்கு வைத்தால் என்ன கெட்டுப்போகும்?

கட்டியது எப்படி?

இனி அந்தக் கிருபாபுரிக் காலேஜுக்கு வருவோம். ரே ட்ரேஸி என்பவர் அயர்லாந்திலிருந்து வந்து அதே காலேஜில் படித்து, அதே கோஷ்டியில் ஓடியவர். 1984-ல் பெண்கள் கோஷ்டிக்குப் பயிற்சியாளரானார். முதல் தேச வெற்றி 1995-ல். அதாவது 11 வருஷம். இரண்டாவது வெற்றிக்கு இன்னும் 18 வருஷம். ஒரு மாணவி சாதாரணமாக நாலு வருஷம்தான் காலேஜுக்காக ஓடலாம். வருஷா வருஷம் பழையவர்கள் போவார்கள், புதியவர்கள் வருவார்கள். ஆகவே முதல் வெற்றிக்கு முன் ஏறக்குறைய மூன்று தலைமுறை மாணவிகள் தேசக் கோப்பையைக் கையில் தொடாமலே ஓடிவிட்டுப் போனார்கள். அவர்கள் உழைப்பு வீணா? அவர்கள் போட்ட பாதையில்தான் பின்னால் வந்தவர்கள் ஓடினார்கள்.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. நீண்ட ஓட்டம் என்பது இருதயத்தையும் இரத்தக் குழாய்களையும் தசைகளையும் வருஷக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குவது. கோடைக்காலத்தில் அவசரமில்லாமல் மைல்களைச் சேர்ப்பது; பருவம் வந்ததும் வாரத்தில் இரண்டொரு நாள் வேகமாக ஓடுவது; மற்ற நாட்களில் பேசிக்கொண்டு ஓடக்கூடிய அளவுக்கு மெதுவாக ஓடுவது; ஒருநாள் நெடுந்தூரம்; நல்ல தூக்கம். தினமும் தீவட்டி பிடித்தாற்போல் ஓடுகிறவர்கள் போட்டி நாளில் கரிந்துபோவார்கள்.

ஒரு முக்கியமான விஷயத்தைக் கூச்சமில்லாமல் சொல்லவேண்டும். உடம்பு மெலிந்தால் வேகம் வரும் என்று சொல்லிப் பெண்களைப் பட்டினி போட்ட பயிற்சியாளர்கள் பல இடங்களில் இருந்தார்கள். செலவழிக்கும் சக்திக்குத் தக்க ஆகாரம் இல்லாவிட்டால் மாதவிலக்கு நின்றுபோகும். எலும்பு பலவீனப்பட்டு வெடிப்பு விடும். இரும்புச்சத்துக் குறைந்தால் இரத்தம் வெளுக்கும். 2014-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே இந்தக் கேட்டுக்குத் தனிப் பெயர் கொடுத்து எச்சரித்தது. இந்த மாதத்துக் கோப்பைக்காக ஒரு பெண்ணின் நாற்பது வருஷத்து எலும்பை அடகு வைப்பவனுக்குப் பயிற்சியாளன் என்று பெயர் வைக்கக்கூடாது. இரத்தப் பரிசோதனையும் வயிறாரச் சோறும் கோஷ்டியின் அஸ்திவாரம். அவ்விதம் முழு உடம்போடு காலேஜை விட்டு வெளியேறுகிறவர்கள்தான் பின்னாலும் ஓட முடியும். 2013 கோஷ்டியில் ஓடிய எமிலி ஸிஸன், 2022-ல் சிகாகோ மாரத்தானை 2 மணி 18 நிமிஷம் 29 விநாடியில் ஓடி அமெரிக்கப் பெண்களின் தேசச் சாதனையை ஏற்படுத்தினார். காலேஜ் வெற்றிக்கு ஒன்பது வருஷம் கழித்து!

வேறு வழி கிடையாதா என்றால், உண்டு. டெக்ஸாஸ் மாகாணத்தின் எல் பாஸோ நகரத்துச் சர்வகலாசாலை 1969-லும், பிறகு 1975-லிருந்து 1981-க்குள் ஆறு தடவையும் ஆண்கள் போட்டியை ஜெயித்தது. ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து ஏற்கனவே தேர்ந்த ஓட்டக்காரர்களை வரவழைத்துச் சேர்த்தார்கள். 1981-ல் அதன் ஐந்து பேரின் கூட்டுத்தொகை வெறும் 17. அதைவிடக் குறையக்கூடிய எல்லை 15தான். பிரமாதமான ஓட்டம். அந்நியர்கள் வந்தார்களே என்று குறை சொல்கிறவர்களோடு நாம் சேரமாட்டோம். எந்த நாட்டான் எங்கே போய்ப் படித்தாலும் ஓடினாலும் நமக்குச் சந்தோஷமே. ஆனால் அதற்குப் பிறகு அந்தச் சர்வகலாசாலை இப்போட்டியை ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை. ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்துவது பந்தல் போடுவது போல. விழா முடிந்தால் பந்தல் போய்விடும். உள்ளேயே ஆட்களை வளர்ப்பது வீடு கட்டுவது போல. நாளாகும், ஆனால் நிற்கும்.

அதே ஊரில் இன்னொரு காட்சி

அதே பிராவிடன்ஸ் பட்டணத்தில் 1764-ல் ஏற்பட்ட பிரவுன் சர்வகலாசாலை இருக்கிறது. பழமையும் பணமும் உள்ள ஸ்தாபனம். 2020-ம் வருஷம் மே மாதம் 28-ம் தேதி அது ஒரு அறிக்கை விட்டது. ஆண்களுடைய மைதான ஓட்டம், காடுமேட்டு ஓட்டம் உள்பட 11 கோஷ்டிகளைக் காலேஜுக் கோஷ்டி என்ற அந்தஸ்திலிருந்து இறக்குவதென்றும், பாய்மரப் படகு விளையாட்டை அந்த அந்தஸ்துக்கு உயர்த்துவதென்றும் அதில் கண்டிருந்தது. மீதிக் கோஷ்டிகளைப் பலப்படுத்தவே இப்படிச் செய்வதாகச் சமாதானமும் சொல்லியிருந்தது.

தோழர்களே! படகு விட யாருக்குத் தெரியும்? ஏரிக்கரையில் பங்களாவும், படகு வாங்கித்தரத் தகப்பனும் உள்ளவன் பிள்ளைக்குத்தான் பெரும்பாலும் தெரியும். ஓட யாருக்குத் தெரியும்? கால் உள்ள எவனுக்கும் தெரியும். மாணவர்களும் பழைய மாணவர்களும் இதைத்தான் கேட்டார்கள். இந்த ஓட்டக் கோஷ்டிதான் கறுப்பு மாணவர்கள் வந்து சேரும் வாசல்; இதை அடைத்துவிட்டுச் சமத்துவம் பேசுவதேன் என்றார்கள். பதில் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டே நாளில், ஜூன் 9-ம் தேதி, ஓட்டக் கோஷ்டிகளைத் திரும்ப ஏற்படுத்திவிட்டார்கள். பிரார்த்தனை செய்தவர்களுக்குக் கிடைத்ததல்ல இது. காரணம் கேட்டவர்களுக்குக் கிடைத்தது.

அபாயம் இன்னும் தீர்ந்தபாடில்லை. 2025-ல் கோர்ட்டில் ஏற்பட்ட ஒரு உடன்பாட்டின்படி, அமெரிக்கக் காலேஜுகள் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆயிற்று. முதல் வருஷத்துக்கு உச்ச அளவு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். உழைத்தவனுக்குக் கூலி என்பது நியாயமே. அதை நாம் ஆட்சேபிக்கவில்லை. ஆனால் ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் பந்தாட்டக்காரர்களுக்கே அதில் பெரும்பங்கு போகுமென்பதைச் சொல்ல ஜோசியன் வேண்டியதில்லை. அதே உடன்பாட்டில் சேர்ந்த காலேஜுகளில் காடுமேட்டு ஓட்டக் கோஷ்டிக்கு 17 பேர்தான் என்றும் வரம்பு கட்டியாயிற்று. முன்பெல்லாம் உபகாரச் சம்பளம் இல்லாமலே, நானும் ஓடுகிறேன் என்று தானாக வந்து நிற்கும் மாணவனுக்கு ஒரு மூலையிலாவது இடம் இருந்தது. முதல் வருஷம் கடைசியில் ஓடி, மூன்றாம் வருஷம் ஐந்தாவது ஆளாகிக் கோஷ்டியைத் தூக்கி நிறுத்தக்கூடியவன் அவன்தான். அவனை வாசலிலேயே நிறுத்திவிட்டால் பிறகு ஐந்தாவது ஆள் எங்கிருந்து முளைப்பான்?

ஆகவே நமது அபிப்பிராயம் இது. பட்டணத்துக் காலேஜ் ஒன்று நல்ல ஓட்டக் கோஷ்டி கட்ட விரும்பினால், முதலாவது, பத்து வருஷமாவது நிலைத்து நிற்கும் பயிற்சியாளரை வைத்து அவரைப் பொறுமையோடு விட்டுவைக்கட்டும். இரண்டாவது, பேர்போன ஒருவனுக்குப் பணத்தைக் கொட்டுவதைவிட ஐந்து பேருக்கும் ஏழு பேருக்கும் பரவலாகக் கொடுக்கட்டும். மூன்றாவது, பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே தரை, ஒரே தூரம், ஒரே செலவு என்று வைக்கட்டும். நான்காவது, சோற்றிலும் தூக்கத்திலும் மிச்சம் பிடிக்காமலிருக்கட்டும். ஐந்தாவது, தானாக வந்து நிற்பவனைப் பார்த்து, நீ யார், எந்த ஊர், உன் தகப்பன் யார் என்று கேட்காமல், நாளைக் காலை ஆறு மணிக்கு வா என்று சொல்லட்டும்.

பந்தயத்தின் முடிவில் கணக்கு எழுதுகிறவன் கையில் இருப்பது கடிகாரமும் காகிதமும்தான். இவன் இன்ன ஜாதி, இவள் பெண், இவன் பட்டணத்தான், இவனுக்குக் கிருபை உண்டு என்று எழுத அந்தக் காகிதத்தில் இடமில்லை. எத்தனையாவதாக வந்தான் என்று எழுதத்தான் இடமிருக்கிறது. தெய்வ கிருபை என்று பெயர் வைத்த ஊரிலுங்கூட, பதினொரு வருஷம் ஓடிய பிறகுதான் முதல் ஜெயம் வந்தது. யோசித்துப் பாருங்கள்.